செஞ்சிக்கு ஒரு நாள் கொடுங்கள்

(நமது முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் இம்முறை செஞ்சியில் நடந்தபோது, முதல் நாள் மாலை ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் இருபது நிமிடம். எட்டு மணிக்கு இலை போட்டுவிடுவேன் என்று சமையல்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஹாஸ்டல் மெஸ்ஸில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். ஆகவே சுருக்கமாகப் பேசி முடிக்கிறேன்.

இந்த ஆண்டு ஒன்றுகூடலைச் செஞ்சியில் வைத்துக்கொள்ளலாம் என்று முதலில் சொன்னவன் நான்தான். சொன்ன உடனே நம் நண்பர் ஒருவர் போன் செய்தார். "செஞ்சியில என்னப்பா இருக்குது? திருவண்ணாமலை போற வழியில பஸ்ஸு பத்து நிமிஷம் நிக்கும், எறங்கி டீ குடிப்போம். அவ்வளவுதானே?" என்று கேட்டார். அவர் இப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், பெயர் சொல்லமாட்டேன். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. ஏனென்றால் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நானும் முப்பது வயது வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்பு எப்படி மாறியது என்பதைச் சொல்லிவிட்டால், நாளைக்கு நீங்கள் பார்க்கப்போகும் ஊரை அறிமுகம் செய்த மாதிரியும் ஆகிவிடும்.

2018-இல் எங்கள் கம்பெனி என்னைப் பெரு நாட்டுக்கு அனுப்பியது. குடிநீர்க் குழாய் வேலை. பதினான்கு மாதம் அங்கே இருந்தேன். தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கிறது அந்த நாடு. தலைநகர் லிமா, கடலோரப் பாலைவனத்தில் கட்டிய பட்டணம். மழை என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. ஆன்டீஸ் மலையிலிருந்து இறங்கி வரும் ரீமாக் ஆறுதான் அதற்கு உயிர். எங்கள் சைட்டில் வயதில் மூத்த ஒரு என்ஜினியர் இருந்தார். அந்த நாட்டில் என்ஜினியரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். "இன்ஹெனியெரோ" என்றுதான் கூப்பிடுவார்கள், நம்மூரில் டாக்டரை "டாக்டர்" என்று கூப்பிடுகிற மாதிரி. ஊரில் எங்கப்பா இன்னமும் என்னை "டேய்" என்றுதான் கூப்பிடுகிறார் என்பதால் எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அந்தப் பெரியவர் தன் நாட்டு ஊர்களை எனக்கு ஒவ்வொரு வரியில் அறிமுகம் செய்தார். "லிமாவைச் சாப்பிட்டுப் பார். அரெகிப்பாவை நடந்து பார். குஸ்கோவை முதல் நாள் படுத்துக்கொண்டே பார்" என்றார். எனக்குப் புரியவில்லை. போன பிறகுதான் புரிந்தது. லிமா சாப்பாட்டுக்குப் பேர்போன ஊர். அரெகிப்பா, வெள்ளை எரிமலைக் கல்லில் கட்டிய ஊர். தெருவில் நடந்தால் தலைக்கு மேல் மிஸ்டி என்கிற எரிமலை நம்மோடு கூடவே வரும். குஸ்கோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியைப் போல ஒன்றரை மடங்கு. போய் இறங்கியதும் தலை சுற்றும், மூச்சு வாங்கும். ஒரு நாள் படுத்து எழுந்தால்தான் உடம்பு பழகும். எல்லோரும் மச்சு பிச்சு பார்க்கத்தான் வருகிறார்கள். ஆனால் மலை அவர்களை விடுவதில்லை. "முதலில் என் ஊரில் ஒரு ராத்திரி தங்கு" என்று சொல்கிறது. அந்த ஒரு ராத்திரியில் குஸ்கோவின் ஹோட்டல்காரர், சமையல்காரர், துணி நெய்கிறவர், வழிகாட்டி எல்லோரும் பிழைக்கிறார்கள். வந்தவரும் அந்த ஊரைப் பார்த்துவிடுகிறார். இன்கா அரசர்கள் அடுக்கிய கல் சுவர் கீழே. அதன் மேல் ஸ்பானியர்கள் எழுப்பிய தேவாலயம். 1950-இல் வந்த பூகம்பத்தில் மேலே இருந்த தேவாலயம் சேதமாயிற்று, கீழே இருந்த கல் அசையவில்லை. இதெல்லாம் நான் ஒரு நாள் அங்கே தங்கியதால்தான் பார்த்தேன்.

மச்சு பிச்சுவில் அவர் எனக்குக் கோயிலைக் காட்டவில்லை. தண்ணீரைக் காட்டினார். மலைச் சரிவில் ஓர் ஊற்று. அங்கிருந்து சுமார் 750 மீட்டர் நீளத்துக்குக் கல் வாய்க்கால். ஊருக்குள் வந்ததும் 16 நீர்த்துறைகள், படிக்கட்டு மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாக. முதல் துறை அரசர் வீட்டுக்குப் பக்கத்தில். "இன்ஹெனியெரோ, முதலில் தண்ணீருக்கு வழி பார்த்துவிட்டுத்தான் ஊரைக் கட்டியிருக்கிறார்கள்" என்றார். எனக்குப் புல்லரித்தது.

இறங்கி வரும்போது அவர் கேட்டார்: "உங்கள் ஊரை எப்படிப் பார்க்க வேண்டும்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எங்க ஊரை பஸ்ஸிலிருந்தே பார்த்துவிடலாம்" என்றேன். வேடிக்கைக்குத்தான் சொன்னேன். அவரும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

2023 ஜனவரியில் ஒரு வேலையாக அவர் சென்னைக்கு வந்தார். "பஸ்ஸிலிருந்து பார்க்கும் ஊரைக் காட்டு" என்றார். சரி, காலையில் கூட்டிக்கொண்டு போய் மத்தியானம் திருவண்ணாமலை கோயிலுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். அப்பாவிடம் சொன்னபோது, "கோட்டையில இன்னாடா இருக்குது, கல்லுதானே? அவ்ளோ தூரம் வந்தவர வெயில்ல போட்டு வாட்டாத" என்றார்.

சென்னையிலிருந்து செஞ்சி சுமார் 160 கிலோமீட்டர். திண்டிவனத்தில் திரும்பினால் இன்னும் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. பஸ் ஸ்டாண்டைத் தாண்டித் திருவண்ணாமலை சாலையில் மேற்கே கொஞ்ச தூரம் போனால் கோட்டைச் சுவரைப் பிளந்துகொண்டு சாலை உள்ளே நுழைகிறது. இடது கைப்பக்கம் ராஜகிரி. வலது கைப்பக்கம் கிருஷ்ணகிரி, ராணிக் கோட்டை என்பார்கள். தென்கிழக்கே சந்திராயன் துர்க்கம். இந்த மூன்று மலையையும் ஒரு முக்கோணமாகக் கட்டிப் போட்டிருக்கிறது வெளி மதில். அதன் சுற்றளவு சுமார் 13 கிலோமீட்டர். மதிலின் கனம் சுமார் 20 மீட்டர், வெளியே இருக்கும் அகழியின் அகலம் சுமார் 24 மீட்டர். சிவில் செட்காரர்களே, மனக்கணக்குப் போட்டுப் பாருங்கள். எவ்வளவு கல், எவ்வளவு மண், எத்தனை கை!

வண்டியை நிறுத்தியதும் அவர் முதல் கேள்வி கேட்டார். "இதற்குள் எத்தனை பேர் குடியிருந்தார்கள்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோட்டை என்றால் ராஜா, படை, பீரங்கி. தேசிங்கு ராஜன் கதைப் பாட்டும், 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த "ராஜா தேசிங்கு" படமும்தான் எனக்குத் தெரிந்த செஞ்சி. அதற்குள் ஒரு பட்டணம் இருந்தது, கடைவீதி இருந்தது, சட்டி பானை இருந்தது, குழந்தைகள் இருந்தார்கள் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

பிறகு வீட்டுக்கு வந்து புத்தகம் தேடிப் படித்தேன். சி.எஸ். சீனிவாசாச்சாரியார் எழுதிய செஞ்சி வரலாறு 1943-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்திருக்கிறது. 1597-இல் பிமென்டா என்ற போர்த்துகீசியப் பாதிரியார் செஞ்சிக்கு வந்திருக்கிறார். அப்போது இங்கே கிருஷ்ணப்ப நாயக்கர் ஆட்சி. இந்தியாவில் தாங்கள் பார்த்த பட்டணங்களிலேயே பெரியது இதுதான் என்றும், போர்ச்சுகலில்கூட லிஸ்பனைத் தவிர இவ்வளவு பெரிய ஊர் கிடையாது என்றும் அவர் எழுதி வைத்திருக்கிறார். நாம் டீ குடிக்க இறங்கும் ஊரைப் பற்றித்தான் இப்படி எழுதியிருக்கிறார்கள், நண்பர்களே!

சரித்திரத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். கி.பி. 1200 வாக்கில் ஆனந்தக் கோன் என்பவர் முதலில் மலையை அரண் செய்தார் என்பது மரபு. அவர் வழியில் வந்த கிருஷ்ணக் கோன் பெயரில்தான் கிருஷ்ணகிரி. பிறகு விஜயநகரத்தார், அவர்களுக்குக் கீழ் நாயக்கர்கள். நாம் பார்க்கும் கோயில்களிலும் களஞ்சியங்களிலும் பெரும்பகுதி நாயக்கர் காலத்தவை. 1649 வாக்கில் பீஜப்பூர் சுல்தான் கைக்குப் போனது. 1677-இல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் 1689-இல் மராட்டிய நாட்டிலிருந்து தப்பி வந்து இங்கே இருந்துகொண்டு அரசு நடத்தினார். அதாவது, சில ஆண்டுகள் மராட்டியர்களுக்கே செஞ்சிதான் தலைநகர். ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர் கான் 1690-இல் முற்றுகை போட்டார். கோட்டை விழுந்தது 1698 தொடக்கத்தில். ஏழு வருஷத்துக்கு மேல்! அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார். 1714-இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானுக்குத் தலைவணங்க மறுத்துச் சண்டையிட்டு மாண்டான் தேசிங்கு. வயது இருபத்திரண்டு என்பார்கள். ஆட்சி செய்தது பத்து மாதம். 1750-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே ராத்திரியில் பிடித்தார். 1761-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1780-இல் ஹைதர் அலி கைப்பற்றினார். அதற்கப்புறம் யாருக்கும் இந்தக் கோட்டை தேவைப்படவில்லை. ஊர் சுருங்கிவிட்டது. குஸ்கோவில் கல்லும் இருக்கிறது, மனுஷனும் இருக்கிறான். இங்கே மனுஷன் வெளியே போய்விட்டான், கல் மட்டும் உள்ளே இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஏழு வருஷ முற்றுகையைத் தாங்கியது எப்படி? இதைக் கேட்டவரும் அந்தப் பெருக்காரர்தான். பீரங்கியைப் பார்க்காமல் அவர் தண்ணீரைத் தேடினார். கீழ்க்கோட்டையில் கல்யாண மகால் இருக்கிறது. நாளைக்கு முதலில் அங்கேதான் போகப்போகிறோம். சதுரமான முற்றம், சுற்றிலும் அறைகள், நடுவே அடுக்கடுக்காக எழும்பும் எட்டு நிலைக் கோபுரம், மேலே கூம்பு மாதிரிக் கூரை. அதைச் சுற்றி வந்தவர், "மேல் மாடிக்குத் தண்ணீர் எப்படிப் போயிற்று?" என்றார்.

மதிலுக்கு வெளியே ஒரு நீர்த்தேக்கத்திலிருந்து மண்குழாய் வழியாக ஆறாவது நிலை வரைக்கும் தண்ணீர் ஏறியதாகத் தொல்லியல் துறையின் குறிப்புகளே சொல்கின்றன. எனக்கு அன்றைக்கு அது தெரியாது. குடிநீர்க் குழாய் வேலையில் பத்து வருஷ அனுபவம் உள்ளவன், பத்தாம் வகுப்பு வரைக்கும் இந்த மகாலுக்குள் ஓடிப்பிடித்து விளையாடியவன், "தெரியாது சார்" என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மோட்டார் இல்லை, இரும்புக் குழாய் இல்லை. மூலக் குளத்தை உயரத்தில் வைத்துக் குழாயை இழுத்து வந்தால் தண்ணீர் தன் மட்டத்தைத் தேடித் தானாக ஏறும். நம் பேராசிரியர் இரண்டாம் ஆண்டில் கரும்பலகையில் போட்டுக் காட்டிய அதே விதி. அதை வைத்து இன்டர்னல் தேர்வில் நான் வாங்கிய மதிப்பெண்ணை அவர் இங்கே நினைவூட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நடந்தால் செஞ்சி வேறு ஊராகத் தெரியும். கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் ஆனைக்குளம். ராஜகிரி அடிவாரத்தில் செட்டிக்குளம், சக்கரக்குளம். செட்டிக்குளத்தின் கரையில்தான் தேசிங்கின் உடலுக்குத் தீ மூட்டினார்கள் என்றும், அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள் என்றும் சொல்வார்கள். உயிரோடு போராடிய தோழன் மகபத்கானின் சமாதியையும் குதிரை நீலவேணியின் சமாதியையும் பக்கத்து நீலாம்பூண்டியில் காட்டுகிறார்கள். ராஜா ஓர் இனம், தோழன் ஓர் இனம். பாட்டுப் பாடிய ஜனங்கள் இருவரையும் பிரித்துப் பார்க்கவில்லை என்பதையும் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள்.

களஞ்சியத்துக்குள் போய் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். சுவரின் கனம் அப்படி. பக்கத்தில் வரிசையாக வளைவுகள் வைத்த லாயம், உடற்பயிற்சிக் கூடம். 1717–18-இல் கட்டிய சாதத்துல்லா கான் மசூதியும், வேணுகோபால சுவாமி கோயிலும், வெங்கடரமணர் கோயிலும் ஒரே சுற்றில் பார்க்கலாம். வெங்கடரமணர் கோயிலில் சில இடம் வெறிச்சென்று இருக்கும். அங்கிருந்த தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்கு எடுத்துப் போய்விட்டார்கள் என்பார்கள். புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்களைப் பார்த்தால் இனிமேல் அடையாளம் தெரியும். நாம் எல்லோரும் அவற்றின் முன்னால் நின்று குரூப் போட்டோ எடுத்தவர்கள்தானே!

முழங்கால் வலி உள்ளவர்கள், சிறு குழந்தை வைத்திருப்பவர்கள் கீழ்க்கோட்டையோடு நின்றுகொள்ளலாம். அதற்கே இரண்டு மணி நேரம் வேண்டும். குறை ஒன்றும் இல்லை. மற்றவர்கள் ராஜகிரி ஏறலாம். உயரம் சுமார் 240 மீட்டர். ஆயிரம் படி என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் கவுண்டர் திறந்ததுமே ஏறிவிட வேண்டும். வெயில் ஏறினால் பாறை தோசைக்கல்தான். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தலைக்குத் தொப்பி, வழுக்காத செருப்பு. பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போகாதீர்கள். இந்த ஊர்க் குரங்குகளுக்குப் பையின் சத்தம் கேட்டாலே போதும். போனமுறை என்னோடு வந்த மெக்கானிக்கல் நண்பரின் தயிர்சாதம் எங்கே போயிற்று என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கும். சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன் மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் உச்சி தனித் தீவு. ஒருசில ஆட்கள் நின்றாலே ஒரு படையைத் தடுக்கலாம். மேலே ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, கஜானா, பீரங்கி. அங்கிருந்து கீழே பாருங்கள். மூன்று மலையும் மதிலும் குளங்களும் ஒரு வரைபடம் மாதிரி விரியும். பாதிரியார் லிஸ்பனோடு ஒப்பிட்ட பட்டணத்தின் எல்லை அதுதான்.

அந்த உச்சியில்தான் என் கதையும் இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஆசிரியர்கள் முன்னால் நின்றுகொண்டு மறைப்பது அழகல்ல.

பெருக்காரர் மேலே ஒரு கட்டடச் சுவரைத் தடவிக்கொண்டே வந்தார். பழைய காரையில் நிறையக் கீறல்கள். ஓர் இடத்தில் நின்று, "இது என்ன எழுத்து?" என்று கேட்டார். பார்த்தேன். என் பெயர்! என் பெயர், இனிஷியல், வருஷம், அதன் பக்கத்தில் ஓர் அம்புக்குறி, ஓர் இதயம். பத்தாம் வகுப்பு லீவில் காம்பஸ் முள்ளை வைத்துக் கீறியது. கையெழுத்து அன்றைக்கே எவ்வளவு மோசம் என்பதும் தெரிந்தது.

நான் சொன்னேன்: "அது பழைய எழுத்து சார்."

அவர் கையை எடுத்துவிட்டு, மரியாதையாக ஓர் அடி பின்னால் நகர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் அது கூடவே வந்தது. பாலத்தைத் தாண்டியதும் சொல்லிவிட்டேன். "அந்த எழுத்து என்னுடையது."

அவர் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார். மச்சு பிச்சுவில் இன்டிவட்டானா என்று ஒரு கல். சூரியனோடு சம்பந்தப்பட்டது, இன்காக்களுக்குப் புனிதமானது. ஸ்பானியர்கள் கண்ணுக்குத் தப்பிய கல். 2000-ஆம் ஆண்டில் ஒரு விளம்பரப் படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து அதன் விளிம்பு உடைந்துபோயிற்று. "அந்நியன் உடைக்காத கல்லை நாங்களே உடைத்தோம். உன் ஊரிலும் அப்படித்தானா?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. ஔரங்கசீப் படை, புஸ்ஸி, கும்பினிப் படை எல்லாவற்றையும் பார்த்த சுவர் அது. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் தோற்றுவிட்டது.

அன்றைக்கு நாங்கள் திருவண்ணாமலை போகவில்லை. கீழே இறங்கி வந்ததும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் வேகவைத்த மல்லாட்டை வாங்கிக் கொடுத்தேன். மற்ற மாவட்டத்து நண்பர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். அவர் ஒரு கடலையை உரித்துப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். "மனீ!" என்றார். அவர்கள் பாஷையில் கடலைக்கு மனீ. கடலையின் பூர்வீகமே தென் அமெரிக்காதானே! பெருவில் சிபான் என்ற இடத்தில் 1987-இல் தோண்டிய அரச கல்லறையில் பொன்னிலும் வெள்ளியிலும் கடலை வடிவம் செய்து கோத்த மாலை கிடைத்திருக்கிறது. அங்கே ராஜா கழுத்தில் கிடந்த பயிர், கடல் தாண்டி வந்து எங்கள் தென்னாற்காட்டுக் கொல்லையில் வேர்விட்டு, ஒரு காலத்தில் புதுச்சேரி துறைமுகம் வழியாகப் பிரான்சுக்குக் கப்பல் ஏறியது. எங்க அப்பா முப்பது வருஷம் கடலை மண்டியில் கணக்கு எழுதினார். அவரிடம் இதைச் சொன்னேன். "அப்படியா? அப்ப நம்ம வூட்டுக்கு ஒறவுக்காரருதான் வந்திருக்காரு. ராத்திரி இங்கயே படுக்கச் சொல்லுடா" என்றார்.

அவர் தங்கினார். அதனால்தான் மறுநாள் சிங்கவரம் பார்த்தோம். பல்லவர் காலக் குடைவரையில் பாறையிலேயே செதுக்கிய பள்ளிகொண்ட ரங்கநாதர். போருக்குப் புறப்பட்ட தேசிங்கு வந்து கேட்டபோது, போகாதே என்று பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது கதை. போகும் வழியில் திருநாதர்குன்று. ஒரு பெரிய பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைச் சொல்லும் மிகப் பழைய தமிழ்க் கல்வெட்டு அங்கே இருக்கிறது. தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் பக்கத்திலுள்ள மேல்சித்தாமூரில் நடந்து வருகிறது. விழுப்புரம் பக்கம் திரும்புகிறவர்கள் மண்டகப்பட்டு குடைவரையைப் பார்க்காமல் போகக்கூடாது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கட்டினேன் என்று மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் கல்வெட்டிலேயே பெருமை பேசியிருக்கிறான். சிவில் படித்தவனுக்கு அதைவிடப் பெரிய சவால் உண்டா?

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில். தமிழ்நாட்டிலிருந்து ஒன்றே ஒன்று, செஞ்சி. ஊரே கொண்டாடியது. எனக்கும் பெருமைதான். ஆனால் ஒரு பயமும் இருக்கிறது. வண்டி வண்டியாக ஜனங்கள் வருவார்கள். இரண்டு மணி நேரத்தில் ஏறி இறங்கி, செல்ஃபி எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்கோ திருவண்ணாமலைக்கோ போய்விட்டால் செஞ்சிக்கு மிஞ்சுவது தண்ணீர்ப் பாட்டிலும் சுவரில் புதுப் பெயர்களும்தான். குஸ்கோவில் உயரம் ஆளைப் பிடித்து நிறுத்துகிறது. இங்கே நிறுத்துவதற்கு மூச்சு வாங்கும் உயரம் இல்லை. நாம்தான் நம்மை நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரு ராத்திரி தங்குங்கள். இங்கே சாப்பிடுங்கள். மல்லாட்டை வாங்குங்கள். உள்ளூர்ப் பையன் ஒருவனை வழிகாட்டியாக அழைத்துப் போங்கள். கோட்டையால் வீட்டில் உலை கொதிக்கிறது என்று தெரிந்தால் அந்தப் பையனே அதைக் காப்பாற்றுவான்.

2023-லிருந்து வருஷத்துக்கு இரண்டு முறை இந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துப் போகிறேன். ராஜா கதையை அவர்களே எனக்குச் சொல்வார்கள். நான் அவர்கள் கையில் அளவு டேப்பைக் கொடுத்து, களஞ்சியத்தின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, எத்தனை மூட்டை நெல் பிடிக்கும் என்று கணக்குப் போடச் சொல்வேன். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்பேன். கடைசியில் ராஜகிரி உச்சிக்குக் கூட்டிப்போய் அந்தச் சுவரைக் காட்டுவேன். போனமுறை ஒரு பையன் படித்துப் பார்த்துவிட்டு, "சார், யார் சார் இந்த ஆளு? இப்படிக் கெடுத்து வெச்சிருக்கான்?" என்று கேட்டான்.

"நான்தாம்பா" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பையன் கையிலிருந்த ஆணியை மெதுவாகப் பைக்குள் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

நண்பர்களே, நாளை காலை ஆறரைக்கு மண்டப வாசலில் பஸ் தயாராக இருக்கும். ஹாஸ்டல் பழக்கத்தில் யாரும் ஏழரைக்கு எழுந்து வராதீர்கள். ராஜகிரி உச்சியில் என் பெயரை உங்களுக்கும் காட்டுகிறேன். அந்த இதயம் யாருக்காக என்று என் மனைவி ஏற்கெனவே கேட்டுவிட்டார், ஆகையால் நீங்கள் யாரும் கேட்க வேண்டாம். தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இன்னொரு பெயர் மட்டும் சேர வேண்டாம்.

இலை போட்டுவிட்டதாகச் சைகை வருகிறது. எங்கள் ஊருக்கு வந்திருக்கிறீர்கள். இருந்து பார்த்துவிட்டுப் போங்கள்.